சிறகுக்கு இஸ்திரி

மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தேவதூதர் ஒருவர் இஸ்திரிக் கடைக்கு வந்து, கசங்கிப்போன தன் சிறகுகள் இரண்டையும் மேசைமேல் விரித்தார். இஸ்திரிக்காரி தொட்டுப் பார்த்தாள். பட்டைவிட மெல்லிசு, நேரடிச் சூடு தாங்காது. ஈரத்துணியை மேலே போட்டு, பெட்டியைக் கொஞ்சம் ஆறவிட்டு, பதமாகத் தேய்த்துக் கொடுத்தாள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அதே கசங்கலோடு வந்து நின்றார். பறக்கிற பிழைப்பு அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிபாரிசு இல்லாமல் ஒரு துரும்பும் நகராத ஊர் அது. குழாய் இணைப்புக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் ஆள் பிடித்தே பழகியவர்கள், மேலிடத்து ஆளே தெருவுக்கு வருகிறார் என்றதும் சும்மா இருப்பார்களா? மடிப்புக் கலையாத சட்டைகளைக்கூட மறுபடி தேய்க்கக் கொண்டுவந்தார்கள். தூதர் காதில் ஆளுக்கொரு விண்ணப்பம் போட்டார்கள். அவர் எல்லோரையும் இரக்கத்தோடு பார்த்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காத இன்னொருத்தி இஸ்திரிக்காரிதான். கடைக்குப் பின்னறையில் அவளுடைய பன்னிரண்டு வயது மகள் காய்ச்சலுக்குப் பிறகு கால் வராமல் கிடந்தாள். மருத்துவர்கள் கைவிரிக்கவில்லை, நம்பிக்கையும் தரவில்லை. கேட்டுவிட நாக்கு துடித்தது. ஆனால் அவளுடைய அண்ணன் சபைப் போதகர். வேதத்தில் இல்லாததை அந்த வீட்டில் யாரும் செய்ததில்லை. தூதரிடம் கேட்கலாமா என்று முதலில் அவரிடம் கேட்டாள்.

"கடவுளுக்கும் நமக்கும் நடுவுல மத்தியஸ்தர் ஒருத்தர்தாம்மா, அது தூதர் இல்ல. வேதம் அப்படித்தான் சொல்லுது" என்றார் அண்ணன். "யோவான் தூதரோட கால்ல விழப்போனப்போ அந்தத் தூதரே என்ன சொன்னார்? வேணாம்பா, நானும் உன்னைப்போல ஊழியக்காரன்தான்னாரு."

"கால்ல விழுறது வேற, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்குறது வேறண்ணே. எருசலேமுக்காகத் தூதர் ஒருத்தர் கெஞ்சினாரே, இன்னும் எவ்வளவு காலம் இரங்காம இருப்பீர்னு? அதுவும் வேதம்தானே."

"கெஞ்சினாரு. இல்லேங்கல. யார் சொல்லிக் கெஞ்சினாரு? யாராவது போய்க் கேட்டதா எழுதியிருக்கா? காட்டு, நானே முதல் ஆளா வந்து கேக்குறேன்."

அவள் தேடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிய, ஒரு முதலாளியின் வேட்டியில் பெட்டி பதிய, ஆதியாகமம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை தேடினாள். தூதரோடு மல்லுக்கட்டி, அழுது, ஆசீர்வதித்தால் ஒழிய விடமாட்டேன் என்ற யாக்கோபை மட்டும் கண்டுபிடித்தாள். அது வேறு கதை என்று அண்ணன் சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முடிவு செய்துவிட்டாள். பெற்ற வயிறு எத்தனை நாள்தான் பொறுக்கும்?

அடுத்த முறை தூதர் வந்தபோது அண்ணனும் கடையில் இருந்தார். தேய்த்து முடித்த சிறகை அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்காக ஒரு வார்த்தை கேக்காம நீங்க போக முடியாது" என்றாள்.

அண்ணன் எழுந்துவிட்டார். தூதர் முதல்முறையாகப் பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இது ஏன் இப்படிக் கசங்குதுன்னு நினைக்கிறீங்க? சிறகால முகத்தை மூடிக்கிட்டு அங்க தரையில விழுந்து கிடக்கேன். உங்க பொண்ணுக்காகத்தான். காய்ச்சல் வந்த அன்னைக்கே ஆரம்பிச்சேன்."

"உங்களை யாரு கேக்கச் சொன்னது?" என்றார் அண்ணன்.

"யாரும் சொல்லல."

இஸ்திரிக்காரி அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் விட்டுப்போன ஒரு சுருக்கத்தை எடுத்துவிட்டு, சிறகை விட்டாள். "போயிட்டு வாங்க. நீங்க அங்க கேளுங்க, நான் இங்க கேக்குறேன். யார் முதல்ல சளைக்கிறோம்னு பார்ப்போம்." அது ஜெபமா சிபாரிசா என்று அண்ணன் விசாரிக்கவில்லை. அன்று முதல் கடை திறக்குமுன் மகளின் கட்டிலருகே அவளும் அண்ணனும் முழங்காலில் நின்றார்கள். அங்கே தூதரையும் சேர்த்து மூவரும் ஒரே திசையைப் பார்த்தே கேட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மகள் கட்டிலில் உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள், பிறகு கோல் ஊன்றிக் கடைக்கே வந்துவிட்டாள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் இப்போது அவள்தான் தேய்க்கிறாள். தூதர் வருவது நிற்கவில்லை. கசங்கலும் குறையவில்லை.

"எனக்குத்தான் சரியாயிடுச்சே. இப்ப யாருக்காக?" என்று ஒருநாள் கேட்டாள்.

தூதர் அவளுடைய மாமாவைப் பார்த்தார். துணிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த போதகரின் கை அப்படியே நின்றது. ஆறு மாதமாகக் கண் மங்கிவருவதையும், பிரசங்கத்தில் வசனங்களை மனப்பாடமாகவே ஒப்பித்துவருவதையும் அவர் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

மகள் ஈரத்துணியை எடுத்துச் சிறகின்மேல் விரித்தாள்.

"இந்த ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம் தெளிங்க மாமா" என்றாள். அவர் கையால் தடவி ஓரத்தைக் கண்டுபிடித்துத் தெளித்தார்.