நாய்க்காரன்

மாயக்காள் தலை நிறையப் பூவோடு வாசலில் வந்து நின்றபோது, கர்ணன் நாய்க்குக் கேப்பைக்களியில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். அவளுக்கு மூச்சு இரைத்தது. கர்ணனைத் தாண்டி, சங்கிலியில் கிடந்த நாயைத் தாண்டி, வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணே அவுக? குளிக்கப் போயிருக்காகளா?"

கர்ணனுக்குக் கை களியிலேயே நின்றுவிட்டது.

அவன் பர்மாவிலிருந்து கம்பத்துக்கு வந்து அரை மாதம் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி ஆயிரக்கணக்கான பேர் காட்டுவழியே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள்தான் ஊர் சேர்ந்தார்கள். ஏரோப்ளேனில் வந்தவன் இந்தப் பக்கத்தில் கர்ணன் ஒருவன்தான். அதுவும் நாயோடு. "ஆகாசத்துல அம்புட்டு ஒசரம் போனியே, சாமி கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்காத ஆள் கிடையாது. காப்பிக்கடையில் அவனிடம் காசு வாங்குவதில்லை. மரம் அறுக்கும் மில் துரையின் நாய்க்குத் தானே காவல், தன் கையை விட்டால் அது யாரிடமும் நிற்காது, அதனால்தான் துரைசாணி தன்னையும் ஏற்றிக்கொண்டாள் என்று சொல்லிவைத்திருந்தான். மணிக்கட்டில் இருந்த தழும்பைக் குண்டுச் சிதறல் என்பான். அது அந்த நாய் கடித்த தழும்பு.

ஊர்ப்பேச்சுக்குக் கால் உண்டு. பர்மாவில் துரை வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டவர் அந்த நாயோடு ஏரோப்ளேனில் வந்து கம்பத்தில் இறங்கிவிட்டார் என்று மாயக்காளின் ஊரான சுருளிப்பட்டி வரைக்கும் சேதி போயிருந்தது. துரை வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டவன் மாயக்காளின் புருஷன் சுருளியாண்டி. கர்ணன் அதே மில்லில் ராக்காவல் பார்த்தவன், அவ்வளவுதான். மாயக்காள் வேறு என்ன நினைப்பாள்? கேட்ட மாத்திரத்தில் பூ வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"உள்ள வா தங்கச்சி, உக்காரு" என்றான் கர்ணன். அவன் பெண்டாட்டி ராமுத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாயக்காள் உட்காரவில்லை. நாயையே பார்த்தாள். செவலை நாய், காது தொங்கியது.

"ராசா" என்றாள் மெதுவாக.

நாய் தலையைத் தூக்கியது. அது கர்ணன் கூப்பிட்டு ஒருநாளும் திரும்பியதில்லை. ரோவர், ரோவர் என்று துரைசாணி கூப்பிட்டதைப் பார்த்து அவனும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அவுக வச்ச பேரு. போன தடவ வந்திருந்தப்ப ராப்பகலா இது பேச்சுத்தான். எனக்கே பொறாமையா இருக்கும்." சொல்லிவிட்டுக் கர்ணன் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. "அவுக வரலையாண்ணே?"

"வரல, ஆத்தா."

"உசுரோட இருக்காகளா?"

"நான் பாத்தப்ப இருந்தான். சத்தியமா இருந்தான்."

"நாயி வந்துருச்சு. நீங்க வந்துட்டீக. இதோட சங்கிலி ஒங்க கைக்கு எப்பிடிண்ணே வந்துச்சு?"

இதைத்தான் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கர்ணனுக்குப் பர்மாவில் ஏரோப்ளேன் நின்ற அந்த மைதானம் கண்ணுக்குள் வந்தது. வேலிக்கு வெளியே ஜனக்கடல், உள்ளே வெள்ளைக்காரர்கள். நாயின் தயவில் சுருளியாண்டியையும், அவன் தயவில் பெட்டி தூக்கக் கர்ணனையும் உள்ளே விட்டிருந்தார்கள். வெயிலில் நாய்க்கு நாக்குத் தள்ளியது. அப்போதுதான் பட்டாளத்துக்காரன் ஒருத்தன் வந்து, நாய்க்காரன் யார், ஓர் ஆள்தான் ஏறலாம், சீக்கிரம் என்று கத்தினான். கர்ணன் சங்கிலி இருந்த கையைத் தூக்கினான். துரைசாணிக்கு வேலைக்காரர்களின் முகம் தெரியாது, நாயின் முகம்தான் தெரியும். கல்கத்தாவில் கப்பல் ஏறும்போது நாயையும் அவனிடமே விட்டுவிட்டுப் போனாள். அன்று மைதானத்தை விட்டு ஏரோப்ளேன் கிளம்பியபோது அவன் சன்னல் பக்கம் திரும்பவேயில்லை. திமிறிய நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அது கடித்தபோதும் தலையைத் தூக்கவில்லை.

"நாய்க்குத் தண்ணி கொண்டாறேன், சித்த பிடிடான்னு குடுத்துட்டுப் போனான்" என்றான். அதோடு நிறுத்திக் களி ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தான். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. பெண்டாட்டி பக்கம் பார்க்கவும் முடியவில்லை. ராமுத்தாய் செம்பைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

மிச்சத்தை மாயக்காளே சொன்னாள்:

"தண்ணி கொண்டாந்துருப்பாக. ஒங்க ரெண்டு பேரையும் தேடிருப்பாக."

அழுதிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் குனிந்து சங்கிலியைத் தூணிலிருந்து அவிழ்த்தாள்.

"இதக் கூட்டிட்டுப் போறேண்ணே. நடந்து வந்தாகன்னா, வீட்டுக்கு வந்ததும் இதத்தான் மொதல்ல கேப்பாக."

கர்ணன் பின்னாலேயே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனான். கரியில் ஓடுகிற பஸ் புகைந்துகொண்டு நின்றது. "டிக்கெட் நான் எடுத்துத் தாரேன் தங்கச்சி" என்று மடியைத் தடவினான். கண்டக்டர் நாயைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தான்.

"நாயெல்லாம் ஏத்த முடியாதுத்தா. எறக்கு."

"நாங்க நடந்தே போயிர்றோம்" என்றாள் மாயக்காள்.

சுருளிப்பட்டிச் சாலையில் ஆடிக்காற்று புழுதியை வாரி எறிந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். நாய் இழுக்கவில்லை, திமிறவில்லை. பக்கத்திலேயே போயிற்று.

"ஏலே, அங்கன பாருங்கடா!" என்று கண்டக்டர் கத்தினான். "ஏரோப்ளேன்ல வந்த நாயி நடந்து போகுது!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அரை மாதப் பழக்கத்தில் கர்ணனும் சிரித்துவிட்டான். மாயக்காள் திரும்பவில்லை. நாய்தான் நின்று திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பிறகு அவளோடு போயிற்று.