ஓட மறுத்த கூரை

“அப்ப பழசுல மட்டும் எப்படிடா ஓடுச்சு?”

அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் கொடுமை. தம்பி திரையை வெறித்தான். கண் எரிந்தது. தலைக்கு மேலே ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கடியில் குப்பைத்தொட்டியை நகர்த்தி வைத்திருந்தார்.

இருவருக்கும் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை. அக்கா பொறியாளர். பேருந்து நிலையத்துக்கு அவள் ஓர் இரும்புக் கூரை வரைந்திருந்தாள். கிழக்குச் சிறகு ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது. மேற்குச் சிறகின் வரைபடம் இன்று மாலைக்குள் பட்டறைக்குப் போயாக வேண்டும்.

தம்பியின் பொறுப்பு அந்தக் கணக்கைப் போடும் மென்பொருள். கூரையின் ஒவ்வொரு இணைப்புக்கும் சில சமன்பாடுகள் என்று லட்சக்கணக்கில் சேரும். ஓர் இணைப்பு பக்கத்து இணைப்போடு மட்டும்தானே பேசும்? அதனால் எண்கள் அங்கங்கே தூவினாற்போல் கிடக்கும், மீதியெல்லாம் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களைச் சுமக்காமல் தீர்ப்பதற்கென்றே ஒரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு. அதில் புதுப் பதிப்பு வந்திருக்கிறதென்று ஆசை ஆசையாக மாற்றியவன் அவன்தான். அன்றைக்குப் படுத்ததுதான், மேற்குச் சிறகின் கணக்கு எழுந்திருக்கவே இல்லை. இன்ன சமன்பாட்டில் வகுக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்துவிட்டது என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

நிரலை மறுபடி கம்பைல் செய்து பார்த்தான். கணினியின் ஒரே கோரில் மட்டும் ஓட்டிப் பார்த்தான். படிப்படியாக விடையை நெருங்கும் முறைக்கு மாற்றினான். பிழை இறங்காமல் ஊஞ்சலாடியது.

“என்ன மேட்ரிக்ஸ், புதுப் பொண்டாட்டி சௌக்கியமா?” என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் கடந்துபோனார். மேட்ரிக்ஸ் என்பது அவர் தம்பிக்கு வைத்த பட்டப்பெயர், பொண்டாட்டி அந்தப் புதுப் பதிப்பு. சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

“பழசையே போட்டுத் தொலைடா” என்றாள் அக்கா. “உன் மருமக ஸ்கூல் வாசல்ல நிப்பா. அம்மா கூரை கட்டுறா, கூரை கட்டுறான்னு சொல்லி அவளுக்கே அலுத்துப்போச்சு.”

“போட்டுடறேன்கா. அது சொல்ற இணைப்பை மட்டும் கடைசியா ஒரு தடவை பாரேன்.”

“எத்தனை தடவைடா? அந்த நம்பர் என் படத்துல நடுத்தூண் உச்சியில இருக்கு. சுத்திச் சுத்திக் கம்பி பிடிச்சிருக்கு. யானை இடிச்சாலும் அசையாது.”

“உன் படத்துல…” தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஐயோ.”

லைப்ரரி வேலையைத் தொடங்கும் முன் சமன்பாடுகளைத் தன் வசதிக்கு வரிசை மாற்றி அடுக்கிக்கொள்ளும். நினைவகம் மிச்சமாகும். அது சொன்னது அந்தப் புது வரிசையின் எண். அக்காவின் படத்து எண் இல்லை. இத்தனை நாளும் இரண்டு பேரும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“நான் ஒரு முட்டாள்கா.”

“அது தெரிஞ்ச விஷயம். மேல சொல்லு.”

எண்ணைப் பழைய வரிசைக்குத் திருப்பினான். அது கூரையின் ஓரத்தைக் காட்டியது. டிக்கெட் கவுன்டருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன உத்தரம். அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். உத்தரத்தின் முனையும் தூணின் முனையும் தொட்டாற்போல இருந்தன, ஆனால் தொடவில்லை. மயிரிழை இடைவெளி. கணக்கைப் பொறுத்தவரை அந்த உத்தரம் அந்தரத்தில் தொங்கியது. அதன் பாரம் தூணுக்கு வந்து சேரவே இல்லை.

முனைகளை ஒட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் கணக்கு முடிந்தது. அவள் முகம் மலரவில்லை.

“பழசு இதை எப்படிடா விட்டுது?”

“பூஜ்யம் வந்தா அந்த இடத்துல துளியூண்டு நம்பரைப் போட்டுட்டு, சத்தம் போடாம நகர்ந்துடும்கா.”

“கிழக்குப் பக்கத்தைக் காப்பி எடுத்துத் திருப்பிப் போட்டதுதான்டா இது” என்றாள் மெதுவாக. “பெரிய தூணுங்களைத்தான் பாத்தேன். ஓரத்துல இருக்குற குட்டி உத்தரத்தை யாரு பாத்தா? அங்கேயும் இந்தப் பாரத்தைச் சேர்க்காத கணக்குலதான் தூண் எழும்பிட்டிருக்கு.”

கட்டுமான இடத்து மேஸ்திரிக்குப் போன் போட்டாள். “அண்ணே, கிழக்கால கவுன்டர் பக்கம் வேலையை நிறுத்துங்க. யாரையும் மேல ஏத்தாதீங்க. இல்லண்ணே, உங்க ஆளுங்க மேல தப்பில்ல. என் தப்பு. தூணை மறுபடி கணக்குப் போட்டுத் தரேன்.”

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. கிழக்கையும் மேற்கையும் ஒருவழியாகக் கேட்டு முடித்தவர், “இனிமே இப்படிப் படுக்காத மாதிரி அதுல ஒரு செட்டிங் இருக்குமே, அதைப் போட்டுடு” என்றார்.

இருக்கிறது. ஒரே ஒரு வரி. பழையதைப் போலவே பூசி மெழுகிவிட்டுப் போய்விடும். போட்டால் இனி யாரும் அவன் மேசைக்கு வந்து நிற்க மாட்டார்கள், நிம்மதியாகத் தூங்கலாம். அக்கா பையைத் தோளில் மாட்டியபடி அவனையே பார்த்தாள்.

அவன் அந்த வரியைப் போடவில்லை. படுத்தால் படத்து எண்ணையே சொல்லும்படி மட்டும் மாற்றிவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை எதிர்மேசைக்காரர் வரைந்த கிடங்கின் கணக்கு படுத்துக்கொண்டது. அவரும் வந்து நின்றார்: “உன் லைப்ரரி சரியில்லப்பா. பழசுல ஓடுச்சே!”

தம்பி ஒரு பெருமூச்சோடு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான். நீங்களே சொல்லுங்கள், அவன் செய்தது சரிதானே? அவ்வளவு அசதியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வரியைப் போட்டிருப்பீர்களா, மாட்டீர்களா?