இடப்பக்கச் சக்கரங்கள்

அக்டோபர் 9, புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். டயர் கடைக்குப் போன் செய்து அளவு சொன்னபோது, டிரெய்லரின் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னியைப் பார்த்துப் படித்துவிட்டேன். அது கண்ணுக்கு நேராக, சேறு படாமல் இருந்தது. ஓடுகிற நான்கைப் பார்க்க வேண்டுமானால் மண்டி போட வேண்டும். போனை வைத்த பிறகு சந்தேகம் வந்தது. மண்டி போட்டுப் பார்த்தேன். நான்கும் ஓர் அளவு, ஸ்டெப்னி வேறு அளவு. யாரோ எப்போதோ கையில் கிடைத்ததை மாட்டிவைத்திருக்கிறார்கள். மறுபடி போன் செய்து மாற்றிச் சொன்னேன். கடைக்காரர் கர்ட்டிஸ் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் போதும் என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

அக்கா மார்லிஸுக்கு டெக்சஸில் வேலை கிடைத்திருக்கிறது. குழாய்ப் பாதையில் வெல்டர். திங்கட்கிழமை காலை ஆஜராகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். இங்கே, வடக்கு டகோட்டாவில், இந்த டிரெய்லர் முகாமில் சனிக்கிழமையோடு தண்ணீரை நிறுத்துகிறார்கள். அதற்கு மேல் விட்டால் குழாய் உறைந்து வெடிக்கும். ஆக, சனிக்கிழமை வீட்டோடு கிளம்ப வேண்டும். வீடு என்பது இந்த டிரெய்லர்தான். எங்கள் இருவருக்கும் வேறு வீடு கிடையாது.

போன வருடம் நெப்ராஸ்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு டயர் வெடித்தது. வெடித்த ரப்பர் சுழன்று அடித்ததில் குளியலறைத் தரை கிழிந்தது, தண்ணீர்க் குழாயும் போயிற்று. பத்து நாள் ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம் கிடந்தோம். அக்கா அந்த வேலையை இழந்தாள். அதனால்தான் இந்த முறை டயர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறாள். "நீதான் எதையும் ரெண்டு தடவ பாப்பியே, பாரு" என்றாள். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

சாயங்காலம் பக்கத்து டிரெய்லர் டெல்மர் வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். டயரை பூட்ஸால் ஒரு உதை உதைத்தார்.

"கல்லு மாதிரி இருக்குது. மேல பட்டன் பாரு, தேயவே இல்ல, புதுசு கணக்கா. இத எதுக்கும்மா மாத்துற?"

"பக்கவாட்டுல வெடிப்பு விட்டிருக்குங்க. ஏழு வருஷ டயரு. போன வருஷம் வெடிச்சதும் பாக்க இப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப பிக்கப் வண்டி டயரைப் போடு. நான் அதான் போட்டிருக்கேன். டிரெய்லர் டயர்னு தனியா விக்கிறதெல்லாம் ஏமாத்து."

அவர் போனதும் எதிர்ச்சாரியிலிருந்து ஒருவர் வந்து, பிக்கப் டயர் போட்டால் சாவுதான் என்றார். இந்த முகாமில் உப்பு கேட்டால் கிடைக்காது. டயரைப் பற்றி வாயைத் திறந்தால் ஆளுக்கொரு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

எடை தெரியாமல் டயர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அக்காவை வற்புறுத்தி, டிரெய்லரைப் பிக்கப்பில் பூட்டி, தானியக் கிடங்கின் எடை மேடைக்குக் கொண்டுபோனோம். அறுவடைக் காலம். முன்னும் பின்னும் மக்காச்சோள லாரிகள். எடை போடும் டார்லீன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மார்லிஸ், வீட்டையும் மூட்டைக் கணக்குல விக்க வந்துட்டியா? ஈரப்பதம் பாக்கட்டுமா?"

"சீக்கிரம் போடுடி. பின்னாடி நிக்கிறவன் என்னைய முறைக்கிறான்."

பிக்கப்பை மேடையைத் தாண்டி நிறுத்தி, டிரெய்லரின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினோம். 9,800 பவுண்டு. நான்கால் வகுத்தால் டயருக்கு 2,450. எங்கள் அளவில் 'டி' தர டயர் 2,540 தாங்கும். போதும் என்று அக்கா வண்டியைக் கிளப்பிவிட்டாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, நிறுத்து. இடப்பக்கத்த மட்டும் ஏத்திப் பாக்கணும்."

"எதுக்கு?"

"நாலும் சமமா சுமக்குதுன்னு நாமளாதான நெனச்சுக்கறோம்?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஆனால் சுற்றிக்கொண்டு வந்து, இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் படும்படி ஓரமாக ஓட்டினாள். 5,350. அப்படியானால் வலப்பக்கம் 4,450தான். இடப்பக்கம்தான் சமையல் மேடை, குளிர்பெட்டி, சாப்பாட்டு மேசையின் பெஞ்சு எல்லாம். அந்தப் பெஞ்சுக்கு அடியில் அக்காவின் சாமான்: குழாய் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள், செம்புக் கேபிள் சுருள்கள், வெல்டிங் ராடு டப்பாக்கள். இடப்பக்க டயர் ஒவ்வொன்றும் 2,675 சுமக்கிறது. 'டி' போதாது.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கர்ட்டிஸுக்குப் போன் செய்து, 'டி' வேண்டாம், அடுத்த தரமான 'ஈ' வேண்டும் என்றேன். காற்று எண்பது வைத்தால் அது 2,830 தாங்கும். டயர்க் கிடங்கிலிருந்து நாளை வந்துவிடும் என்றார். மனம் மாற மாட்டாயே என்று இரண்டு தடவை கேட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

டயர்கள் வந்தன. முதலில் தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். இந்த வருடம்தான். நான்கையும் ஸ்டெப்னியையும் மாற்றச் சொன்னேன். கர்ட்டிஸ் முதல் சக்கரத்தைக் கழற்றி, பழைய டயரை எடுத்து, ரிம்மைக் குப்புறப் போட்டார். புது டயரை மாட்டிக் காற்றுக் குழாயைச் சொருகினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். ரிம்மின் உட்புறத்தில், துருவுக்கு நடுவே, எழுத்து பொறித்திருந்தது. விரலால் துடைத்தேன். அதிகபட்சக் காற்று 65.

"நிறுத்துங்க! ரிம்மு அறுபத்தஞ்சுதான் தாங்கும்னு போட்டிருக்கு."

"எல்லா ரிம்முலயும் அப்படி ஏதாவது போட்டிருப்பான்மா. எத்தனையோ பேருக்கு எண்பது அடிச்சு அனுப்பியிருக்கேன். யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்ல."

"திரும்பி வர முடிஞ்சாத்தான புகார் சொல்லுவாங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். ஆனால் அது சட்டென்று நின்றுபோயிற்று. "அறுபத்தஞ்சு வெச்சா இந்த டயரு எவ்வளவு தாங்கும்?"

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தது போதவில்லை, மறுபடியும் பார்த்தேன். 2,540.

"டி தாங்குற அளவுதான்" என்றேன்.

"அதாவது, ஒருநாள் காத்திருந்து, பெரிய டயர வரவழச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல."

"ஆமாக்கா."

டயரைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன். டயர் எதில் உட்காரும் என்று பார்க்கவில்லை. எண்பது தாங்கும் ரிம் இருக்கிறதா என்று கர்ட்டிஸிடம் கேட்டோம். புதன்கிழமைதான் வரும். புதன்கிழமைக்குள் டெக்சஸ் வேலை போய்விடும்.

நான்கிலும் அறுபத்தைந்து வைத்து மாட்டிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஆரம்பித்தது சண்டை.

"பெஞ்சுக்கு அடியில இருக்கறத எடுத்து பிக்கப்புல போட்டுடலாம்கா."

"போன வசந்தத்துல பிக்கப்புலேர்ந்துதான என் கேபிளத் திருடினாங்க? மறந்துட்டியா? கேபிள் இல்லாம போய் நின்னா எனக்கு வேலை குடுப்பானா?"

"சங்கிலி போட்டுக் கட்டலாம்."

"சங்கிலிய வெட்டத் தெரியாதவன் திருட வருவானாடி?"

"அப்ப டயர் வெடிச்சாப் பரவால்லையா?"

"ரெண்டு டயருக்கும் சேத்து இருநூத்தெழுபது பவுண்டு கூடினா வெடிச்சுடுமா? மெதுவா போறேன். அம்பதுலயே போறேன்."

"போன தடவையும் அதான் சொன்ன."

அக்கா டிரெய்லருக்குள் வந்து பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பைச் சுடவைத்தாள். பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். ஸ்டெப்னியைப் பார்த்து அளவு படிக்கிற ஆளை நம்பி யாராவது வீட்டை ஒப்படைப்பார்களா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தும் கடைசியில் அதே 2,540.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு மேசையில் என் எதிரே உட்காரவில்லை. என் சோபாவில் போய் உட்கார்ந்தாள். நான் படுப்பது அதில்தான். வலப்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. குதிகாலால் அதன் அடிப்பலகையைத் தட்டினாள்.

"இதுக்குள்ள என்ன வெச்சிருக்க?"

"என் துணி, கம்பளி, பூட்ஸு, பழைய பாடப்புத்தகம்."

"பூட்டு இருக்கா?"

"இருக்கு."

"வலப்பக்கம் எத்தனைன்னு சொன்ன?"

4,450. இரண்டு டயர் சேர்ந்து 5,080 தாங்கும். எடை குறைய வேண்டியது இடப்பக்கத்தில்தான், மொத்த டிரெய்லரில் இல்லை. ஸ்டாண்டும் கேபிளும் ராடும் முந்நூறுக்குக் கொஞ்சம் மேலே வரும். அவற்றை இந்தச் சோபாவுக்கு அடியில் மாற்றினால் இடப்பக்கம் 5,080க்குள் அடங்கலாம். வலப்பக்கமும் தாண்டாது. இரண்டு எண்களும் நேற்றிலிருந்து என் கையில் இருந்தன. எடையைக் குறைப்பது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், இடம் மாற்றலாம் என்று தோன்றவே இல்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"மொதல்ல நீ கேட்டது பிக்கப்புல போடலாமான்னுதான? கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன்." சில்லியை ஒரு வாய் எடுத்தாள். "உன் பூட்ஸெல்லாம் எங்க போகும்?"

"பிக்கப்புல போகட்டும். யாரும் திருட மாட்டாங்க."

"அந்த நாத்தத்துக்கு நாயி கூட வராது."

இன்னும் நிச்சயமில்லை. முந்நூறு என்பது அக்காவின் மதிப்பு. மேடையில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். இடப்பக்கம் இன்னும் மிஞ்சினால் குளிர்பெட்டியைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் மிஞ்சினால் டெக்சஸுக்குப் போன் செய்து முடியாது என்று சொல்ல வேண்டும். அந்தப் போனை நான் செய்வதா அவள் செய்வதா என்று நாங்கள் பேசவில்லை.

நாளை காலை விடிவதற்குள் சோபாவுக்கு அடியைக் காலி செய்ய வேண்டும். ஸ்டாண்டு, கேபிள், ராடு மூன்றையும் வலப்பக்கம் மாற்றிப் பூட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை வடிக்க வேண்டும். தானியக் கிடங்கு திறந்ததும், மக்காச்சோள லாரிகள் வருவதற்கு முன், முதலில் இடப்பக்கத்தையும் பிறகு வலப்பக்கத்தையும் எடை போட வேண்டும்.