பாக்குவெட்டியில் நறுக்கிய மாத்திரைகள்

மிச்சமிருந்ததை எண்ணிப் பார்க்கக் குப்பியைக் கவிழ்த்தபோது, மேசையில் விழுந்தவை எல்லாம் பாதி மாத்திரைகள். டாக்டர் மங்களாம்பிகை இன்னொரு குப்பியையும் கவிழ்த்தார். அதிலும் பாதிகள்தான்.

"யார் நறுக்கினது?"

"நான்தாங்க. பாக்குவெட்டியில சுத்தமா விழுது" என்றார் வைரக்கண்ணு.

பக்கத்து நாற்காலியில் கோவிந்தராசு. மன்னார்குடிக்குக் கிழக்கே அவருடைய நிலத்தைச் சாகுபடி செய்து, விளைச்சலில் பாதி அளப்பவர் வைரக்கண்ணு. ஆற்றில் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வருஷம் அவரால் நெல் அளக்க முடியவில்லை. அந்தப் பாக்கியைச் சொல்லி, அவரை நிலத்திலிருந்து வெளியேற்றக் கோவிந்தராசு வழக்குப் போட்டிருந்தார். நிலம் போனால் வைரக்கண்ணுவுக்கு வேறு பிழைப்பில்லை.

வழக்கு நடக்கும்போதே இருவருக்கும் பக்கவாதம் வந்தது. மூளைக்குள் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, மறுபடியும் வரலாம் என்றார்கள். அதைத் தடுக்கும் புது மருந்தொன்றைத் தஞ்சாவூரில் சோதித்துக்கொண்டிருந்தார்கள்; இருவரும் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

அதை இருவரும் நம்பவில்லை. கோவிந்தராசுவின் மருமகன் கட்சியில் ஒன்றியச் செயலாளர், அசல் மாத்திரை அங்கேதான் போகும் என்பது வைரக்கண்ணுவின் கணக்கு. இந்த ஆட்சியில் எதுவும் சாகுபடிக்காரனுக்குத்தான் என்பது கோவிந்தராசுவின் கணக்கு. திரும்பும் பஸ்ஸில் பேசி முடித்தார்கள். ஒவ்வொரு மாத்திரையிலும் ஆளுக்குப் பாதி.

"புது மருந்து நல்லதுன்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர். "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் கசியும்னு முதல் நாளே சொன்னேனே. தெரியாமத்தானே சோதிக்கிறோம்."

"அப்ப இதுல நட்டமும் உண்டா?" கோவிந்தராசு நிமிர்ந்தார். "அப்படின்னா அவனவன் குப்பி அவனவனுக்கு, டாக்டரம்மா."

வைரக்கண்ணு சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. "விளைஞ்சா பங்கு, கருகினா எனக்கு மட்டும். கோர்ட்டுல இதைத்தானுங்க சொல்லிக்கிட்டிருக்கேன்."

டாக்டர் பாதிகளை வாரி உறையில் போட்டார். ஆய்வுக்குழுவுக்குத் தெரிவித்துப் பதில் வரும்வரை இருவருக்கும் வழக்கமான ஆஸ்பிரின் மட்டும்தான் என்றார்.

பஸ் நிலையத்தில் கோவிந்தராசு வைரக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"உன் குப்பியில பாதி என் வயித்துக்குள்ள போயாச்சு."

"ஆமாங்க."

"நட்டம்னா அதுலயும் பாதி எனக்கு வந்தாச்சு." பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த வருஷத்துப் பாக்கி நெல்லுல பாதி மட்டும் அள. வழக்கை எடுத்துடறேன்."

"விளையாத நெல்லுல ஏதுங்கய்யா பாதி?"

பஸ் வந்தது. கோவிந்தராசு முதலில் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"சரி, அளக்க வேணாம்" என்றார். "உக்காரு."