காதுக்குக் கீழே

என் ஸ்டுடியோவில் எடுத்த படத்தை அனுப்பினால் வரன் அமைந்துவிடும் என்று பல்லடம் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. என் பிழைப்பே அதில் ஓடுவதால் நான் மறுத்ததில்லை. உண்மையில் வேலை செய்வது இந்த மெர்சி அல்ல, ஒரு பழைய ரஷ்ய லென்ஸ். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் யூசுப் பாய் கடையில் வாங்கினேன். வயதில் எனக்கு மூத்தது. அதைப் புதுக் கேமராவில் மாட்ட நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். மாட்டிய பிறகும் கேமரா அதை மதிக்காது, லென்ஸே இல்லை என்று அடம்பிடிக்கும். இல்லாவிட்டால் பரவாயில்லை, நீ எடு என்று மெனுவுக்குள் போய்ச் சொல்லிவைக்க வேண்டும்.

புது லென்ஸ்கள் தாமாகவே கண்ணைக் கண்டுபிடித்துத் தெளிவாக்கிவிடும், முகத்தில் உள்ள அத்தனை பருக்களையும் சேர்த்து. இதில் எல்லாமே கைவேலை. ஃபோகஸ் வைக்க ஒரு வளையம், வெளிச்சம் வரும் துளையைத் திறந்து மூட இன்னொரு வளையம். துளையை முழுக்கத் திறந்து கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கண் மட்டும் துலக்கமாக நிற்கும். காதும் கழுத்தும் பாலில் கரைந்ததுபோல் ஆகிவிடும். தழும்பு, தேமல், அம்மை வடு எதுவும் தெரியாது. துளையைச் சுருக்கினால் காது முதல் கழுத்து வரை எல்லாமே பளிச்சென்று வந்துவிடும். நான் சுருக்குவதே இல்லை. யாரும் அதற்காக என்னிடம் வருவதில்லை.

கயல்விழிக்குப் போன வருடம் அப்படித்தான் ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். இருபத்தேழு வயது, இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, நன்றாகப் பேசுவாள். இடது காதுக்குக் கீழிருந்து கழுத்தெலும்பு வரை அவளுக்கு வெண்புள்ளி படர்ந்திருக்கும். என் படத்தில் அது இல்லை. கிணத்துக்கடவிலிருந்து வேன் பிடித்துப் பெண் பார்க்கப் பதினைந்து பேர் வந்தார்கள். அவள் காபித் தட்டோடு வந்து நின்றதும், மாப்பிள்ளையின் மாமா, "போட்டோவுல இது இல்லீங்களே" என்று கேட்டுவிட்டு எழுந்தாராம். பின்னாலேயே பதினைந்து பேரும் எழுந்து போனார்கள். தட்டில் ஒரு டம்ளர்கூடக் காலியாகவில்லை என்று அவளுடைய அம்மா மயிலாத்தாள் என்னிடம் வந்து சொன்னாள்.

இப்போது மறுபடியும் வந்திருந்தார்கள். கூட்டிவந்தவர் பெரியப்பா வேலுமணி. அப்பா இல்லாத பெண் என்பதால் எல்லா முடிவும் அவருடையது. என் ஸ்டுடியோ இருக்கும் காம்ப்ளக்ஸும் அவருடையதுதான். அந்த இடத்தில் ஜிம் வைக்க ஆள் கேட்டுக்கொண்டே இருப்பதாக மாதம் ஒருமுறை என் காதில் போட்டுவைப்பார்.

"ஏம் மெர்சி, போன தடவையாட்டவே இருக்கோணும். இந்தத் தடவை பொண்ணு பாக்கற சோலியே இல்ல. பையன் சிங்கப்பூருல, ஊடு வெள்ளகோவில்ல. போட்டோவைப் பாத்துச் சரீன்னுட்டா ஆவணியில கல்யாணம். பையன் வந்து எறங்குனா நேரா மண்டபந்தான்."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சொந்த மெமரி கார்டை எடுத்து நீட்டினார். பெண்பிள்ளை படம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் தங்கக்கூடாது என்பதற்காக இங்கே பலரும் இப்படிச் செய்வதுண்டு. அவர்கள் கார்டில் எடுத்து, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

திரைக்குப் பின்னால் மயிலாத்தாள் மகளின் கழுத்தில் மேக்கப் பூசி முடித்தாள். நகைகள் பெரியப்பாவின் மருமகளுடையவை. மாங்காய் ஆரம், ஜிமிக்கி, மாட்டல். ஊக்கு வாங்கிவர அம்மா வெளியே போனதும் கயல்விழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தத் தடவை அது தெரியோணுங்க."

"உங்க பெரியப்பா என்னைக் கொன்னுபோடுவாரு."

"போன தடவை எந்திரிச்சுப் போயிட்டாங்க, நான் பொழச்சேன். இந்தத் தடவை தாலி கட்டறப்பத்தானுங்க அந்தப் பையன் பாப்பாரு. அதுக்கப்புறம் நான் எங்கீங்க போறது?"

"நீயே போன் பண்ணிச் சொல்லிப்போடு."

"நம்பர் பெரியப்பாகிட்டத்தானுங்க இருக்குது. நிச்சயத்துக்கு முன்ன பேசக்கூடாதுன்னுட்டாரு. நீங்க தெளிவா ஒன்னு எடுங்க போதும். அவரு நகை நல்லாத் தெரியறதைத்தான் அனுப்புவாரு. அவரு ஆரத்தைப் பாப்பாரு, அவங்க என்னையப் பாப்பாங்க. புடிச்சா வரட்டும், புடிக்காட்டி அங்கயே நிக்கட்டும்."

போன வருடத்து டம்ளர்கள் என் கண்முன் வந்தன. சரி என்று தலையாட்டிவிட்டேன். அவள் கைக்குட்டையை நனைத்துக் காதுக்குக் கீழே அழுத்தித் துடைத்தாள். முந்தானையை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலுமணி டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேமரா பார்ப்பது முழுவதும் அந்தத் திரையில் தெரியும். வாடிக்கையாளர் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நானே செய்துவைத்த ஏற்பாடு. அன்று அதைச் சபித்தேன். மயிலாத்தாள் ஊக்கோடு வந்து சேர்ந்ததும் கதவைத் தாழிட்டு ஏசியைப் போட்டேன்.

துளையைத் திறந்தே வைத்திருந்தேன். கயல்விழி முந்தானையை நழுவவிட்டாள். திரையில் கழுத்து வெறும் வெளிச்சக் கலங்கலாகத் தெரிந்தது.

"அம்சமா இருக்குது" என்றார் வேலுமணி.

ஆறு படம் அப்படியே எடுத்தேன். எடுத்த படம் திரையில் வந்து நிற்காதபடி முன்பே செய்திருந்தேன். ஏழாவது படத்துக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, இடது கை விரல்களால் துளை வளையத்தைச் சட்டென்று சுருக்கி, அமுக்கி, மறுபடி திறந்தேன். மூச்சு விடும் நேரம்தான். திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

"என்ன அது?"

"கரண்டு ஆடுதுங்ணா."

புது லென்ஸாக இருந்தால் துளையை எந்த அளவில் வைத்து எடுத்தது என்று படத்திலேயே பதிவாகியிருக்கும். இதில் ஒன்றும் பதிவாகாது. அந்த ஒரு தைரியத்தில்தான் எடுத்தேன்.

கார்டை ஒரு ரீடரில் போட்டுப் போனில் சொருகி வேலுமணி கண்ணாடிகூடப் போடாமல் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். கை ஓரிடத்தில் நின்றது. "இதுல பாரு, ஆரம் எப்படி ஜொலிக்குது. மத்ததுல எல்லாம் மசமசன்னு கெடக்குது." அனுப்பினார். கயல்விழி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

டீ குடித்து முடிப்பதற்குள் வெள்ளகோவிலிலிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நஞ்சம்மாள். எல்லோரும் கேட்கட்டும் என்று வேலுமணி ஸ்பீக்கரில் போட்டார். கயல்விழி நகையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டோ பாத்தோமுங்க. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தோம். ஆரத்துல மாங்கா ஒவ்வொன்னும் தனித்தனியாத் தெரியுதுங்க. காங்கயத்துல வாங்குனதுங்களா? எங்களுக்கு முழுச் சம்மதமுங்க. தம்பி டூட்டியில இருக்கறான், நீங்க பாத்தாச் சரீங்கம்மான்னு சொல்லிப்போட்டான்."

கயல்விழியின் முகம் வெளுத்தது. நான் பேசியிருக்கலாம். போன் எனக்கு ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் எழுந்து வந்தாள். "அத்தை, நான் கயல்விழி பேசறனுங்க. போட்டோவுல காதுக்குக் கீழ பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பமா கண்ணு? ஜிமிக்கியும் மாட்டலும் அத்தனை லட்சணமா இருக்குது. கல்யாணத்துக்கும் அதையே போட்டுக்க."

அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வேலுமணி போனை எடுத்துவிட்டார். "வாரனுங்க, வெள்ளிக்கிழமை நேர்ல வந்து நாள் குறிச்சுக்கலாமுங்க" என்று சொல்லி வைத்தார்.

பிறகு நிதானமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்தை இரண்டு விரலால் விரித்தார். காதுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். மயிலாத்தாள் தரையைப் பார்த்தாள். போச்சு, இடத்தைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நான் பீரோவையும் லைட்டுகளையும் மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சிரித்தார்.

"கரண்டு ஆடுச்சாக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு கயல்விழியின் பக்கம் திரும்பினார். "நல்லதாத்தான் போச்சு அம்மணி. கல்யாணத்தன்னைக்கி அவங்க ஏதாச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கே ரோசனையா இருந்துச்சு. இப்ப அந்தக் கவலையில்ல. நாங்க மறைக்கலியே, போட்டோவுல இருந்துச்சு, நீங்கதான பெருசு பண்ணிப் பாத்தீங்கன்னு சொல்லிப்போடலாம். காதுக்குக் கீழ பாத்தீங்களான்னு புள்ளையே வாயத் தொறந்து கேட்டுதே. இனி அவங்களாலயும் பின்வாங்க முடியாது."

"பெரியப்பா, நானுந்தானுங்க பின்வாங்க முடியாது" என்றாள் அவள்.

"நீ எதுக்குக் கண்ணு பின்வாங்கோணும்?"

அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மயிலாத்தாள் மகளின் பின்னால் போய் நின்று ஆரத்தின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினாள். கயல்விழி அசையாமல் குனிந்து கொடுத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வேலுமணி கார்டை என் மேசையில் வைத்தார். "இதை மட்டும் பெருசா ஒரு பிரிண்டு போட்டு வெய்யி. எங்கையில ஆதாரமா இருக்கட்டும்."

ஜிம் வைக்க இடம் கேட்டுக்கொண்டே இருக்கிற ஆளை நினைத்துக்கொண்டேன். கார்டைக் கையில் எடுத்தேன்.

"பன்னெண்டுக்குப் பதினெட்டு போதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.