சொல் தவறாத வாசல்

எல்லைக் கோட்டையின் கிழக்கு வாசலில் நின்று, காவலாளியிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள் அன்று பொழுது சாய்வதற்குள் அதே வாசலுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வர இஷ்டமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. சோப்புக் கம்பெனி ஏஜென்ட் ஒருவர் ஒரே நாளில் ஐந்து தடவை வந்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மரியாதை தெரிந்த பிள்ளைகள் பதினேழு பேர் மட்டும் திரும்பி வந்துவிட, மற்றவர்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். கோட்டையில் பட்டாளம் இருந்த நாளில், லீவில் போன சிப்பாய்கள் அகழியைத் தாண்டி, எல்லைக் கல்லையும் தாண்டி, அந்தப் பக்கத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது வழக்கமாகிப் போனதாம். அலுத்துப்போன தளபதி, லீவில் போகிற ஒவ்வொருவனும் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். வாசல் அந்த உத்தரவைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. பிற்பாடு பட்டாளம் கலைந்தது, தளபதி போய்ச் சேர்ந்தார், கோட்டை சுற்றுலாத் துறையின் கைக்கு வந்தது. வாசலுக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். அவர்கள் கோட்டைக்கு வந்தால் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்காக "வெளியேறும்போது விடைபெற வேண்டாம்" என்று ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்கள். மேலதிகாரியின் கையெழுத்துக்காக அது பதினோரு வருஷமாக அலுவலக பீரோவின் பின்னால் காத்திருந்தது.

அந்த வருஷம்தான் லிஃப்ட் மெக்கானிக் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு கோட்டையைப் பார்க்க வந்தார். அவருடைய மனைவிக்கு நிறைமாதம். மாமியார் பிரசவ வார்டில் முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தொன்பது. மகளின் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து இறங்கி, சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கி, மகளை மணிக்கொரு தடவை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்த மகள், "எங்கயாவது ஒரு நாள் இவங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று புருஷனிடம் கெஞ்சினாள். மாமியாரோடு மூன்று மணி நேரம் பஸ்ஸில் என்ன பேசுவது என்று மெக்கானிக்குக்குக் கவலையாக இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது எல்லாம் "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டாச்சு அத்தை" என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

அகழியைப் பார்த்தார்கள். துப்பாக்கி நீட்டுகிற துவாரங்கள் வழியாக அடுத்த நாட்டைப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கோட்டையின் பெரிய பீரங்கி தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் சுட்டது என்றும், அதுவும் சொந்தச் சமையல்கூடத்தின் மேல் விழுந்தது என்றும் வழிகாட்டி பெருமையோடு சொன்னார். கிளம்பும்போது மெக்கானிக்குக்கு ஃபோன் வந்துவிட்டது, அதனால் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் காவலாளியிடம் நின்று, "போயிட்டு வரேன் தம்பி" என்றார். காவலாளிக்கும் வாய் முந்திக்கொண்டது. "போயிட்டு வாங்கம்மா" என்று சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பஸ் இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டியதும், கீழே விழுந்த கண்ணாடிக்கூட்டை எடுக்க மாமியார் குனிந்தார். நிமிரவில்லை. ஸீட்டுக்கு அடியில் கண்ணாடிக்கூடு மட்டும் இருந்தது. மெக்கானிக் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, எதிர்ப்பக்க வண்டி பிடித்துத் திரும்பினார். அவர் கோட்டைக்கு வந்தபோது மாமியார் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய வீங்கின முழங்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸ விட்டுட்டேன் போல இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

காவலாளி விஷயத்தைச் சொன்னார், சொன்ன 'வரேன்' தீருகிற வரைக்கும் வாசல் திரும்பத் திரும்ப இழுக்கும் என்றார், பரிகாரத்தையும் சொன்னார். பரிகாரம் ஒன்றும் பெரிய காரியம் இல்லை. வாசலைப் பார்த்து "போறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணக்குத் தீர்ந்தது. சோப்பு ஏஜென்ட்கூட ஆறாவது தடவை அப்படித்தான் போனார். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "அது மட்டும் என் வாயில வராது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டாக்ஸியில் போய்ப் பார்த்தார்கள், பால் வேனில் போய்ப் பார்த்தார்கள். செருப்பு வாரைச் சரிசெய்யவோ தும்மவோ அவர் ஒரு கணம் தலையைக் குனிந்தால் போதும், ஸ்டூலில் இருப்பார். மேலே போகிற பட்டனை அழுத்தினால் கீழே இறங்குகிற லிஃப்ட்டுகளை மெக்கானிக் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் அவற்றையெல்லாம் கழற்றிப் பார்க்க முடிந்தது.

நாலு நாள் ஓடிவிட்டது. மாமியார் டிக்கெட் அறையில் தங்கினார். அதற்குள் ஊரின் கர்ப்பிணிகள் மூன்று பேர் அங்கே வந்து வரிசையில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. மனைவி ஃபோனில் அழுதாள். "ஊரான் வீட்டுக் குழந்தை நாலாயிரத்தப் பிடிச்ச கை, என் குழந்தைக்கு மட்டும் எட்டாதா? நான் வேற யாரையும் தொட விடமாட்டேன், சொல்லிடுங்க."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. தனக்குத் தடை ஒன்றும் இல்லை, எந்த பஸ்ஸிலும் ஏறிப் போகலாம். ஆனால் மாமியாரை வாசலில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு மனைவியின் முன்னால் போய் நிற்பது? "ஒரே ஒரு வார்த்தைதானே அத்தை. கெட்ட வார்த்தையா அது?"

மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க மாமா கடைசியா சொன்னது அதுதான் மாப்பிள்ளை. ஒண்ணுமில்லாத சண்டை, குடைய யாரு எங்க வச்சதுன்னு. 'போறேன்'னாரு. நான் 'போங்க'ன்னேன். பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடப் போகல. நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தவருதான்."

மெக்கானிக்குக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, மாமியாரின் மேல் பாவமாகவும் இருந்தது. அகழிக்கரையில் போய் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் யோசித்தார். எந்த மெஷினும் வேண்டுமென்று படுத்துவதில்லை. சொன்னதைச் செய்கிறது, சொல்கிறவர்தான் சரியாகச் சொல்வதில்லை. வாசலிடம் 'வரேன்' என்று சொன்னார்களே தவிர, எப்போது, யாரோடு என்று ஒருவரும் சொன்னதில்லை; அதனால்தான் அது விடாமல் இழுக்கிறது. எழுந்து வந்து காவலாளியிடம் கேட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் சொல்லிப் பார்த்ததில்லை என்றார் அவர்.

மாமியார் வாசலில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பிரசவ வார்டில் டாக்டருக்கு விவரம் சொல்கிற குரலில் சொன்னார்: "போயிட்டு, பொறக்கப் போற பேரக்குழந்தையத் தூக்கிட்டு வரேன் தம்பி." காவலாளியும் யோசித்து யோசித்து, "போயிட்டு, குழந்தையத் தூக்கிட்டு வாங்கம்மா" என்றார்.

பஸ் இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டும்போது மெக்கானிக் மாமியாரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமியார் இரண்டு தடவை தும்மினார். ஸீட்டிலேயே இருந்தார். மூன்று மணி நேரமும் இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டு போனார்கள், பெரும்பாலும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு பிரசவித்த பெண்களைப் பற்றி. வெள்ளிக்கிழமை காலையில் மாமியாரின் கையில் ஒரு பெண் குழந்தை வந்து விழுந்தது.

வாசலுக்கும் கொஞ்சம் விவரம் இருந்திருக்கிறது. குழந்தைக்குத் தலை நிற்கிற வரைக்கும் பொறுத்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, குழந்தையைத் தோளில் போட்டிருந்த மாமியார் விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தார். அறைக்குள் வந்த மகள் காலித் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "கோட்டைக்குப் போயிருப்பாங்க. பால் புட்டிய எடுத்துட்டு வண்டியக் கிளப்புங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை காவலாளியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பக் கிளம்புகிற நேரத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னபடி குழந்தையோடு வந்தாயிற்று, தலையை ஆட்டிவிட்டு நழுவினால் காரியம் முடிந்தது. ஆனால் மாமியாருக்கு நல்ல மனிதரிடம் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. குழந்தையைப் பார்த்தார், மாப்பிள்ளை புதிதாக வாங்கியிருந்த காரைப் பார்த்தார். "போயிட்டு, இவ வளர்ந்து, லைசென்ஸ் எடுத்து, தானே வண்டி ஓட்டி என்னை இங்க கூட்டிட்டு வர்றப்ப வரேன் தம்பி." காவலாளி அதே போலத் திருப்பிச் சொன்னார்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது. மாமியாருக்கு எண்பது, இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை. நிமோனியா வார்டில் மாற்று நர்ஸாகப் போய் வந்தார், மாடிப்படியில் உருண்டார், தடம் புரண்ட ரயிலில் இருந்து டிஃபன் பாக்ஸோடு இறங்கி நடந்தார். வாசல் சொன்ன சொல்லை விடாது என்று அதைப் பார்த்த ஊர்க்காரர்களும் இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் கோட்டைக்கு வந்து, எதையெல்லாம் முடித்துவிட்டு வருவோம் என்று நீளமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண் டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை தோற்றுவிட்டாள். வீட்டில் அவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை.