ஹென்றியின் எடைக்கு மொஹ்சின்

மொஹ்சினை வாங்கிக்கொண்டு தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஹென்றிக்குக் காலே தரையில் பாவவில்லை.

மொஹ்சின் லேசுப்பட்ட ஆளில்லை. வடசென்னை கூடைப்பந்து லீக்கில் அதிகச் சம்பளம் அவனுக்குத்தான். அத்திப்பட்டு அனல் அணியின் உயிர்நாடி. ஹென்றியோ ராயபுரம் சுறா அணியின் பெஞ்சில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து இடத்தை மூன்று வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன். ஆறடி நாலங்குலம். அந்த உயரத்தில் மயங்கித்தான் ஐஸ் கம்பெனி முதலாளி ஷாகுல் ஹமீது பாய் முதல் வருடமே அவனுக்கு மாதம் இருபதாயிரம் என்று ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார். அந்த உயரத்தோடு வேறெதுவும் கூட வரவில்லை என்பது பயிற்சி தொடங்கிய முதல் நாளே தெரிந்தது. ஆனால் கையெழுத்து காய்ந்துவிட்டிருந்தது.

"அவனுக்குப் பதிலா நானு. அப்ப நானும் அவனும் ஒரே ரேட்டுனுதான மாமு அர்த்தம்?" என்று பரோட்டா கடை வசீமிடம் கேட்டான் ஹென்றி.

வசீம் மாவை வீசிக்கொண்டே, "ரேட்டு ஒண்ணுதான் நைனா. சரக்குதான் வேற" என்றான்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டு ஹென்றி ஐஸ் கம்பெனிக்குப் போனான். அங்கே பாயும், லீக்கின் கணக்கு அதிகாரி ரமாபாயும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். ரமாபாய் கண்ணாடியைத் தூக்கி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மேடம், மொஹ்சினுக்கு நான் மட்டும்தானா? எங்க டீம் ஜோவும் வரான்னு சொல்றாங்க?"

"ஜோவைத்தான் அவங்க கேட்டாங்க. நீங்க கணக்குக்கு" என்றார் ரமாபாய்.

பிறகு, கெட்ட செய்தியைப் பொறுமையாகச் சொல்லும் டாக்டர் மாதிரி விளக்கினார். "அமெரிக்கால பெரிய லீக்ல ஒரு விதி இருக்கு. அதைத்தான் நாங்க நமக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்கோம். ஆளை மாத்திக்கிற ரெண்டு அணியும், அனுப்புற சம்பளத்தைவிடக் கால்வாசிதான் கூடுதலா வாங்கிக்கலாம். இல்லாட்டி காசு இருக்கிற முதலாளி நல்ல ஆளுங்களை எல்லாம் வாரிக்குவார். ஜோ சம்பளம் இருபத்திநாலாயிரம், உங்களுது இருபது. மொத்தம் நாப்பத்திநாலு. கால்வாசி சேர்த்தா அம்பத்தஞ்சு. மொஹ்சின் சம்பளம் அறுபது."

"அப்ப இடிக்குது" என்றான் ஹென்றி. தன் அதிர்ச்சியை மறைக்கக் கணக்கு தெரிந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டான்.

"இடிக்கும். ஆனா உங்க ஒப்பந்தத்துல ஒரு ஊக்கத்தொகை இருக்கு. சீசனுக்கு முன்னாடி எடை பார்க்கிறப்ப தொண்ணூத்தஞ்சு கிலோவுக்குள்ள இருந்தா மாசம் அஞ்சாயிரம் கூட. அந்தத் தொகை கிடைக்கும்னு ஆயிடுச்சுன்னா அதையும் சம்பளமா எண்ணலாம். கிடைக்காதுன்னா எண்ணக் கூடாது. எண்ணினா உங்க பக்கம் நாப்பத்தொன்பது. கால்வாசி சேர்த்தா அறுபத்தோராயிரத்துச் சொச்சம். மொஹ்சின் அதுக்குள்ள வந்துடுவார்."

அந்தப் பத்தியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னதே பாய்தான், ஹென்றி ஊதிவிடக் கூடாதென்று. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஐயாயிரத்தை ஹென்றி பாய்க்குச் செலவு வைத்ததில்லை.

"நான் தொண்ணூத்தேழு இருப்பனே பாய்" என்றான்.

"சனிக்கெழம சாயங்காலம்தான் எட பாக்கறாங்க. ஆள் மாத்திக்கவும் அதான் கடசி நாளு. ஒரு வாரம் கீது. ரெண்டு கிலோ கொறைக்க மாட்டியா?"

"வேற யாரயாச்சும் சேத்து அனுப்பலாமே பாய்."

பாய்க்கு நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது. "மத்தவனுங்க ஆடறானுங்களேப்பா" என்றார்.

ஹென்றி வெளியே வந்து ஐஸ் வண்டிகளுக்கு நடுவில் நின்றான். லீக் விதிப்படி வேறு ஊரிலிருந்து வரும் ஆட்டக்காரர் சீசன் முழுக்க, அதாவது ஆறு மாதம், புது அணியின் குடியிருப்பில் தங்கவேண்டும். அத்திப்பட்டில் ஒரு அறையில் எட்டுப் பேர். காயப்போட்ட துணியை எடுக்கும்போது அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் சேர்த்து எடுக்கலாம் என்று போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதைக்கூடத் தட்டிக்கொள்ளலாம். மெர்லினைத்தான் என்ன செய்வது? அவளுக்கு ராயபுரத்திலேயே மருந்துக்கடையில் பில் போடும் வேலை. கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அவன் மேட்ச் ஆடாமல் வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும், "இன்னிக்கி அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

ஆக, வழி ஒன்றுதான். தின்னவேண்டும். எடை குறையாவிட்டால் ஊக்கத்தொகை இல்லை, அது இல்லாவிட்டால் கணக்கு இடிக்கும், கணக்கு இடித்தால் அவன் ராயபுரத்திலேயே இருக்கலாம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் திறமைக்கு ஏற்ற சவால் வந்திருக்கிறது என்று ஹென்றிக்குத் தோன்றியது.

நேராக வசீம் கடைக்கே போனான். "நாலு பரோட்டா, ஒரு சால்னா, ரெண்டு ஆம்லெட்."

"இல்ல நைனா."

"அத்தோ, கல்லு மேல கீதே."

"அது மத்தவங்களுக்கு. பாய் சொல்லிட்டாரு. சனிக்கெழம வரிக்கும் ஒனுக்கு சுடுதண்ணிதான்." வசீம் குரலைத் தணித்தான். "கோச்சுக்காத மாமு. மொஹ்சின் வந்தா இந்த வருசம் கப்பு நம்ம ஏரியாவுக்குத்தான். நீ கொஞ்சம் வாயக் கட்டுனா ஊரே சந்தோசப்படும்."

அடுத்த கடையில் சமோசா கேட்டான். கடைக்காரர் பாத்திரத்தை மூடிவிட்டு, வெள்ளரிக்காய் ஒன்றை நறுக்கி, உப்புக்கூடப் போடாமல் நீட்டினார். மீன் வறுக்கும் சிலுவையம்மாள், "ஒனுக்கு ஒரு துண்டு குடுத்தா எம் புள்ளயே என்ன வூட்ல சேக்கமாட்டான், போப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தெருமுனையில் பேனர் முளைத்தது. ஆள் உயரத்துக்கு மொஹ்சின், பின்னால் சிறுத்தை, தலைக்கு மேல் 'வருக வருக'. வலது மூலையில் ஸ்டாம்பு அளவில் ஹென்றி. அதற்குக் கீழே 'விடைபெறும் தியாகச் செம்மல்' என்று போட்டிருந்தார்கள். கல்யாணத்தில் எடுத்த படம். மெர்லினை வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் கை மட்டும் அவன் தோளில் மிச்சமிருந்தது. ஹென்றி அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். போகாதே என்று சொல்ல இந்தத் தெருவில் ஒருத்தர்கூட இல்லையா என்று நினைத்தபோது பேனர் கம்பத்தில் சாய்ந்துகொண்டான். பசியினாலும் இருக்கலாம்.

வீட்டிலாவது சோறு கிடைக்கும் என்று போனால், மெர்லின் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழை வைத்தாள். நீர்த்துப்போய், கிண்ணத்தின் அடி தெரிந்தது.

"இன்னா மெர்லின் இது?"

"சாயங்காலம் பாய் ஆளு வந்து அடுப்பாண்ட எட்டிப் பாத்துட்டுப் போனான். குடி."

"அப்ப நீயும் என்னிய அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"மாசம் அஞ்சாயிரம் கூட வருதாமே" என்றாள் அவள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே.

ஹென்றி கூழைக் குடித்தான். ஐயாயிரத்துக்கு அவனை விட்டுக்கொடுக்கிறாள். பாயாவது அறுபதாயிரம் பெறுமானமுள்ள ஆளைக் கேட்டார்.

புதன்கிழமை மதியம் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரியின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் மொஹ்சின். பேனரில் இருந்ததைவிட ஒல்லியாக, கவலையாக இருந்தான்.

"ஹென்றிணா, நீ இன்னா எட கீற இப்ப?"

"தொண்ணூத்தஞ்சரை. ஊரே சேந்து ஒன்றரக் கிலோ புடுங்கிடுச்சி. ஏன், நீயும் தராசு எடுத்தாந்துகீறியா?"

மொஹ்சின் பைக் பெட்டியிலிருந்து ஒரு பெரிய டிபன் கேரியரை எடுத்துத் திறந்தான். பிரியாணி வாசனை டீசல் வாசனையைத் துரத்தியது.

"என் வூட்டுக்காரி தஸ்னீம் ஆக்கினது. புள்ள பொறந்து நாப்பது நாளுகூட ஆவல ணா. அவ மாமியாரு சமச்சத துன்னமாட்டா, மாமியாரு இவ சமச்சத துன்னமாட்டாங்க. நடுவுல நான் இல்லன்னா வூடு ரெண்டாயிடும். ராயபுரத்துல வந்து ஆறு மாசம் நான் எப்டி தங்குவேன்? துன்னு ணா. எனுக்காவ துன்னு."

ஹென்றிக்குக் கண் கலங்கியது. லீக்கின் முதல் ஆட்டக்காரன் தனக்காக முப்பது நிமிடம் லாரிப் புழுதியில் வண்டி ஓட்டிச் சோறு கொண்டுவந்திருக்கிறான். அன்றைக்கும் வியாழனும் வெள்ளியும் அதே இடத்தில், அதே கேரியர். ஆட்டத்தில் எதிரெதிர் அணியாக இருந்தவர்கள் முதல்முறையாக ஒத்துழைத்து ஆடினார்கள். மொஹ்சின் பரிமாறினான், ஹென்றி முடித்தான்.

வெள்ளிக்கிழமை பிரியாணி கொஞ்சம் அதிக நேரம் வெயிலில் பயணம் செய்திருக்கவேண்டும். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மதியம்வரை ஹென்றி கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்தான். மூன்று நாள் தின்றது மட்டுமல்ல, போன மாதம் தின்றதும் போய்விட்டது போலிருந்தது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். எலும்பு இருந்தது. அப்படி ஒன்று தனக்கு இருப்பதே அவனுக்குப் புதிது.

"மெர்லின், நான் இப்ப தொண்ணூத்துநாலுகூட இருக்கமாட்டேன்" என்றான், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"யூனிஃபார்ம் போட்டுகினுதான் எட பாப்பாங்களாம். இந்தா" என்று துவைத்து மடித்த டிராயரையும் பனியனையும் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

டிராயரை மாட்டும்போதே கனத்தது. துணியைத் தூக்கவே தெம்பில்லாமல் போய்விட்டது என்று நினைத்தான். நடக்க நடக்க அது வேறு கீழே இறங்கியது. உடம்பு இளைத்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு கையால் நாடாவைப் பிடித்தபடி ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்தான்.

மீன் கூடைகளை நிறுக்கும் பெரிய தராசைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். தெருவே வந்திருந்தது. வசீம் மாலையோடு நின்றான், அது யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. பாய் ஹென்றியின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "சோக்கா எறக்கிட்டானே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"கையை விடுங்க ஹென்றி. எதையும் பிடிக்கக் கூடாது" என்றார் ரமாபாய்.

"வுட்டா டிராயர் எறங்கிடும் மேடம்."

"சரி, பிடிச்சுக்கங்க."

ஏறினான். எண்கள் ஓடின. தொண்ணூற்று மூன்றில் ஒருமுறை தயங்கி, ஏறி, தொண்ணூற்றைந்து புள்ளி ஆறில் நின்றன.

ஹென்றி இறங்கி மறுபடி ஏறினான். அதே ஆறு. பாய் தராசைத் தட்டிப் பார்த்தார். தன் கைப்பையை வைத்து நிறுத்துப் பார்த்தார். அவர் கம்பெனித் தராசு. அதைத் தப்பென்று சொன்னால் பத்து வருடத்து மீன் வியாபாரிகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே பையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"ஊக்கத்தொகை சேராது. நாப்பத்திநாலுதான். மாற்றம் செல்லாது" என்று ரமாபாய் பேனாவை மூடினார்.

"இந்த ஒடம்புக்குள்ள இன்னாதான்டா வச்சிகீற?" என்று கேட்டுவிட்டு வசீம் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனான்.

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. மெர்லின் மட்டும் ஹென்றியின் முழங்கையைப் பிடித்து வேகமாகக் கடற்கரைக் கற்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"குந்து. ஜல்தி. அஞ்சு மணிக்கு எங்க அண்ணன் போட்டு கடலுக்குக் கெளம்புது."

"அதுக்கும் எனுக்கும் இன்னா சம்பந்தம்?"

அவள் பையிலிருந்து பிளேடை எடுத்து அவன் டிராயரின் ஓரத் தையலைக் கீறினாள். உள்ளிருந்து அவள் அண்ணன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகள் ஒவ்வொன்றாக அவள் முந்தானையில் விழுந்தன. இடுப்புப் பட்டியில் ஒரு வரிசை, இரண்டு கால் ஓரத்திலும் ஒவ்வொரு வரிசை. சின்னச் சின்னத் தையல். ஒரு இரவில் முடிகிற வேலை இல்லை.

"எப்பலேந்து தச்ச?"

"செவ்வாக்கெழமலேந்து. நீ தூங்கினப்பறம்."

"அப்பறம் ஏன் கூழு ஊத்தின?"

"நான் ஒனுக்கு சோறு போட்டா பாய் நம்பியிருப்பாரா? ஒன்னாண்ட முன்னாடியே சொன்னா மூஞ்சில எழுதி ஒட்டிகினு திரிவ."

ஹென்றி குனிந்து அவள் உச்சந்தலையைப் பார்த்தான். ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது வேறு.

"மாசம் அஞ்சாயிரம் போச்சே மெர்லின்."

"போவட்டும்" என்று அவள் அடுத்த தையலுக்கு நகர்ந்தாள். "ஆடாம குந்து, பிளேடு பட்டுறப்போவுது."